பெங்களூருக்கு ஒரு குறுக்கெழுத்துப் பிரயாணம்

எழுபத்தெட்டு வயதில் ஒருவன் பென்சிலும் ரப்பரும் எடுத்துக்கொண்டு பரீட்சை எழுதப் பெங்களூருக்குப் புறப்பட்டான் என்றால் நேயர்கள் நகைப்பார்கள். நானே நகைத்தேன். ஆயினும் போனேன், எழுதினேன், திரும்பி வந்தேன். வென்றேனா என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்தப் பிரயாணத்தில் நான் தெரிந்துகொண்ட ஒன்று நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

பரீட்சை என்றது ஆங்கிலக் குறுக்கெழுத்துப் போட்டியை. இதன் முதற் சுற்றுகளை வீட்டிலிருந்தபடியே கணினியில் எழுதலாம். என் பேத்தி என்னைக் கேளாமலே என் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். வாராவாரம் அவள் திறந்து வைப்பாள், நான் நிரப்புவேன். ஒருநாள், "தாத்தா, இறுதிச் சுற்றுக்கு உங்களைப் பெங்களூருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்றாள். என் மனம் மகிழ்வதற்கு முன் திடுக்கிட்டது. ஏனெனில் மாதுங்காவில் எங்கள் வீட்டில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உரக்கச் சொல்லப்படாத ஒரு சொல் உண்டு; 'குறுக்கெழுத்து' என்பதே அது.

என் தந்தையார் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கணக்கில் கெட்டி, தமிழில் அதைவிடக் கெட்டி. 1950-க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் தெற்கேயிருந்து ஒரு வார இதழ் எங்கள் வீட்டுக்கு வரும். அதன் பெயர் இப்போது வேண்டாம். அதில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி இருக்கும். கூப்பன் ஒன்றுக்கு நான்கு அணா. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் அவர் தரையில் பாயை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு யோசிப்பார். விடைகளை நிரப்பித் தபாலில் சேர்ப்பார். இரண்டு வாரம் கழித்துச் 'சரியான விடை' வெளியாகும். அது முன்னதாகவே எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துக் காக்கப்பட்டது என்று இதழில் அச்சிட்டிருப்பார்கள்.

அந்தப் போட்டியின் தன்மையை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். 'என்றும் மனிதனுக்கு மதிப்பைத் தருவது' என்பது குறிப்பு. கட்டங்கள் மூன்று. பின்னிரண்டு கட்டங்களில் 'ணம்' என்று அவர்களே அச்சிட்டுவிடுவார்கள். முதற்கட்டம் மட்டும் காலி. அதில் 'கு' போட்டால் குணம். 'ப' போட்டால் பணம். இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். எது சரி என்பதை உறைக்குள் இருக்கும் காகிதம் ஒன்றே அறியும்.

இப்படி ஐந்து குறிப்புகள் இருந்தால் எல்லா வகையாகவும் நிரப்ப 32 கூப்பன்கள் தேவை. எட்டு ரூபாய் ஆகும். பத்துக் குறிப்புகள் இருந்தால் 1024 கூப்பன்கள், 256 ரூபாய். அது அந்நாளில் என் தந்தையாரின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். கணக்கில் கெட்டியானவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒருமுறை ஒரே ஒரு பிழையில் முதற்பரிசு தவறிற்று. அதன் பின்னர் எட்டு ரூபாய் பதினாறு ஆயிற்று. பதினாறு முப்பத்திரண்டு ஆயிற்று. ஒரு தீபாவளிக்கு முன்னால் என் தாயாரின் கைவளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போயின. அவை மீளவே இல்லை.

"சொல்லை விற்றுச் சோறு தின்ன முடியுமா?" என்று அம்மா ஒரே ஒருமுறை கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. அன்றோடு கூப்பன் அனுப்புவதை நிறுத்தினார். இதழும் நின்றது. பிற்காலத்தில் வீட்டுக்கு வரும் ஆங்கிலத் தினசரியில் கறுப்பு வெள்ளைக் கட்டம் கண்ணில் பட்டால், அம்மா அந்தத் தாளை அடுப்பு மூட்டவோ அலமாரியில் விரிக்கவோ எடுத்து வைத்துவிடுவாள். நான் உத்தியோகத்துக்குப் போகத் தொடங்கியபின், மாதுங்கா நிலையத்தில் ஏறி விக்டோரியா டெர்மினஸில் இறங்குவதற்குள், பக்கத்திலிருப்பவரின் தோளுக்கும் என் தோளுக்கும் நடுவே தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு குறுக்கெழுத்து நிரப்பப் பழகினேன். இறங்கியதும் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவேன். புகை பிடிப்பவன் வீட்டுக்குள் நுழையுமுன் வாயைக் கொப்பளிப்பது போன்ற வழக்கம் அது.

அப்பா 1981-இல் காலமானார். அம்மா அவருக்குப் பின் பதினைந்து ஆண்டுகள் இருந்தாள். இந்த ஆண்டு பெங்களூருக்குப் பெட்டி கட்டும்போது, பரண்மேலிருந்த பழைய தகரப் பெட்டியில் அப்பாவின் நோட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பழுப்பு அட்டை, மூலைகளைக் கரையான் தொட்டிருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தாதரில் உத்யான் எக்ஸ்பிரஸ் ஏறினோம், பேத்தியும் நானும். விமானத்தில் போகலாம் என்றாள் அவள். எனக்கு ரயில்தான் வேண்டியிருந்தது. கல்யாண் தாண்டி, கர்ஜத் தாண்டி, வண்டி போர்க்காட் மலையில் ஏறத் தொடங்கியது. மழைக்காலம் முடிந்த தருணமாகையால் மலைச்சரிவெங்கும் பசுமை. குகைவழிகளின் வாயில்களில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. லோணாவளாவில் நிலக்கடலைச் சிக்கி வாங்கினோம். புணே கடந்தபின் தக்காணத்து மேட்டு நிலம். கரும்பு, பிறகு சோளம், பிறகு கறுப்பு மண். மாலையில் சோலாப்பூர். எங்கள் பெட்டியில் ஏறி இறங்கியவர்களின் பேச்சும் நிலத்தோடு மாறிக்கொண்டே வந்தது. காலையில் மராத்தி, அந்தியில் கன்னடம், இரவு ஆனபோது தெலுங்கு. இத்தனையும் கேட்டுக்கொண்டு, எதிலும் முழுதாகச் சேராமல், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் புரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது புலம்பெயர்ந்த நமக்குப் பழகிய நிலைதானே.

ராய்ச்சூருக்கு முன்னால் இருட்டில் கிருஷ்ணா நதிப் பாலம் அதிர்ந்தது. பேத்தி உறங்கிவிட்டாள். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

கூப்பன் கணக்கும் நஷ்டக் கணக்கும் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அவை கடைசி இரண்டு பக்கங்களிலேயே இருந்தன. மற்றப் பக்கங்கள் முழுவதும் சொல்லாராய்ச்சி. ஒவ்வொரு குறிப்பையும் மேலே எழுதி, அதன் கீழ் இன்ன சொல் ஏன் பொருந்தும், இன்ன சொல் ஏன் பொருந்தாது என்று வக்கீல் வாதம்போல் எழுதியிருந்தார். மேலே நான் சொன்ன உதாரணம் அந்த நோட்டில் உள்ளதே. அதன் கீழ் அவர் எழுதியிருந்தது இது: 'குறிப்பில் "என்றும்" என்ற சொல் உளது. பணம் என்றும் நிலையாது. ஆகவே குணமே விடை.' அதற்குக் கீழே வேறு மையில், 'வெளியான விடை: பணம்.' வேறொன்றும் எழுதவில்லை.

அந்த இரவு வெகுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

பெங்களூரில் போட்டிக்கு முந்தைய தினம் எங்களுக்கு ஓய்வு. கப்பன் பூங்காவுக்குப் போனோம். 1870-இல் அமைக்கப்பட்ட பூங்கா அது. மூங்கிற் புதர்களும் பெருமரங்களும் நிழலும் சேர்ந்து, நகரத்தின் இரைச்சலை ஓரளவு தடுத்து நிறுத்துகின்றன. நடுவே சிவந்த நிறத்தில் ஓர் அழகிய கட்டடம். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயர் நினைவாக எழுந்தது. இப்போது மாநில மத்திய நூலகம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவர் பெயரால் கன்னட நாட்டின் தலைநகரில் நூலகம் இருப்பதைப் பேத்திக்குக் காட்டினேன். உள்ளே சிறிது நேரம் அமர்ந்து அகராதியைப் புரட்டினேன். பரீட்சைக்கு முதல்நாள் படிக்கும் பழக்கம் எந்த வயதிலும் போகாது போலும்.

பூங்காவின் விளிம்பில் இன்னொரு சிவப்புக் கட்டடம் நீண்டு கிடக்கிறது. 1868-இல் கட்டி முடிந்த அட்டாரா கச்சேரி. பதினெட்டுக் காரியாலயங்கள் என்று பொருள். இப்போது உயர்நீதிமன்றம் அங்கே நடைபெறுகிறது. எதிரே 1956-இல் முடிந்த விதான சௌதா. இந்த இரண்டுக்கும் நடுவே நின்றபோது, குறுக்கெழுத்தும் ஒருகாலத்தில் கோர்ட் ஏறிய கதை எனக்கு நினைவு வந்தது. பேத்திக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்கிறேன்.

அந்நாளில் குறுக்கெழுத்து மோகம் எங்கள் வீட்டை மட்டும் பிடித்திருக்கவில்லை. தேசமெங்கும் பரிசுப் போட்டிகள் பெருகி, ஏழை எளியவர் பணம் கரைந்தது. பம்பாய் அரசாங்கம் 1948-இல் இவற்றைக் கட்டுப்படுத்தி வரி விதிக்கச் சட்டம் செய்தது. பெங்களூரில் அச்சாகிய ஒரு வார இதழ் பம்பாயில் மிகுதியாகப் பரவி, அங்கேயே ஆட்களை வைத்துக் கூப்பனும் கட்டணமும் திரட்டியது. வெளி ராஜ்யத்தில் அச்சாகும் இதழையும் சட்டத்துக்குள் கொண்டுவர 1952-இல் திருத்தம் வந்தது. வழக்கு மூண்டது. இதற்கிடையே 1955-இல் பார்லிமெண்டும் பரிசுப் போட்டிச் சட்டத்தை இயற்றியது. ஒரு மாதத்தில் பரிசுத் தொகை மொத்தம் 1000 ரூபாய்க்கு மேற்படலாகாது. ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்கள் 2000-க்கு மேற்படலாகாது என்றது அது.

1957 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. பம்பாய் வழக்கில் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ், இத்தகைய போட்டியைக் கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கிச் சுடுவதற்கு ஒப்பிட்டார். மத்தியச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பை எழுதியவர் டி. எல். வெங்கடராம ஐயர். முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் பெரும் புலமையுடையவர். 1944-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். வெற்றி பெருமளவு திறமையைச் சார்ந்திருக்குமானால் அந்தப் போட்டி சூதாட்டம் ஆகாது. சட்டம் தடுப்பது சூதாட்டத்தையே என்று அவர் பிரித்துக் காட்டினார். இந்தப் பிரிவினைதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. கட்டங்கள் ஒன்றுபோல் இருந்தாலும் விளையாட்டுகள் இரண்டு.

இந்த இரண்டாவது விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தை. லிவர்ப்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், 1913 டிசம்பர் 21-ஆம் நாள் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் வைர வடிவத்தில் முதற் கட்டத்தை வெளியிட்டார். அவரும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவரே! ஆங்கிலேயர் இதை எடுத்துக்கொண்டு, குறிப்பையே ஒரு விடுகதையாக மாற்றினார்கள். 1942 ஜனவரியில் லண்டன் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை, ஒரு கட்டத்தைப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் முடிக்கும்படி போட்டி வைத்தது. அதில் கலந்துகொண்டவர்களில் சிலர் பின்னர் பிளெட்ச்லி பார்க்கில் பகைவரின் இரகசிய எழுத்தை உடைக்கும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். குருட்டு அதிர்ஷ்டக்காரரை அந்த வேலைக்கு யாரும் அழைக்கமாட்டார்.

விடுகதைக் குறிப்பின் இலக்கணம் எளியது. ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பாதிகள். ஒரு பாதி விடையின் பொருளைச் சொல்லும். மற்றப் பாதி அதன் எழுத்துகளைச் சொல்லும். தமிழில் ஒன்று செய்து காட்டுகிறேன். 'பாட்டுத் தலையிழந்தால் உழவன் நிலத்தில் இடுவது, எழுத்து இரண்டு.' பாட்டு என்பது கவிதை. தலையெழுத்தை நீக்கினால் விதை. உழவன் இடுவதும் விதை. இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொல்லுகின்றன. வேறு விடை எழுத இடமே இல்லை.

இது நமக்குப் புதிதும் அன்று. தண்டியலங்காரம் சொல்லணியில் இவற்றை வகைப்படுத்தி வைத்திருக்கிறது. எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க வேறு வேறு பொருள் தருவது அக்கரச்சுதகம். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். முன்பின்னாகப் படித்தாலும் மாறாதது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அவ்வாறு பாடியிருக்கிறார். அறுபத்து நான்கு அறைகளில் எழுதி, எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் சருப்பதோபத்திரம் என்னும் சித்திரகவியும் உண்டு. கட்டம் போட்டுச் சொல்லை அடைக்கும் கலையை நம் புலவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

போட்டி மறுநாள் காலை ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்தது. நாங்கள் ஐம்பத்து மூவர். பெரும்பாலோர் கணினித் துறை இளைஞர். ஓய்வு பெற்ற பாங்கு உத்தியோகஸ்தர் சிலர். பள்ளி ஆசிரியை ஒருவர். எனக்கு அடுத்த நாற்காலியில் என் பேரன் வயதுப் பையன். "தாத்தா, நீங்கள் தமிழா? எங்கள் பாட்டி வீடு கும்பகோணம்" என்று அவனாகவே அறிமுகம் செய்துகொண்டான். மூன்று தாள்கள், தாளுக்கு அரைமணி நேரம். ஒவ்வொன்றிலும் பக்கத்துக்குப் பதினைந்தாக 225 கட்டங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்களின் கோலம் மாறாது.

முதல் தாளை முழுதும் முடித்தேன். இரண்டாவதில் நான்கு விடைகள் விட்டுப்போயின. பையன் பதினைந்தாவது நிமிஷத்திலேயே பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். மூன்றாம் தாளில் கடிகாரம் இரண்டு நிமிஷம் மிச்சம் காட்டியபோது, என்முன் ஒரு சொல் பாக்கி நின்றது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல். பின் நான்கு எழுத்துகளும் குறுக்கே வந்த சொற்களால் தெரிந்துவிட்டன. முதற்கட்டம் மட்டும் காலி. அதில் இரண்டு எழுத்துகளில் எதைப் போட்டாலும் சொல் ஆகும். குறிப்பின் முன்பாதிக்கு இரண்டும் பொருந்தும்.

குணமா, பணமா?

தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஆகையால் ஏதேனும் ஒன்றைப் போட்டுவிட்டு எழலாம். பென்சிலைத் தாளில் வைத்தும்விட்டேன். அப்போது கரையான் தொட்ட அந்த நோட்டுப் புத்தகம் மனக்கண்முன் வந்தது. அப்பா ஒரு நாளும் காசைச் சுண்டிப் போட்டு விடை எழுதியவர் அல்லர். குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி விசாரித்தவர். நானும் பென்சிலை எடுத்துவிட்டுக் குறிப்பை மறுபடி படித்தேன். பின்பாதியில் 'திரும்பி வரும்' என்ற பொருளில் ஒரு சொல் அடக்கமாக நின்றது. பக்கத்துச் சொல்லைக் கடையிலிருந்து முதலாகப் படி என்ற ஏவல் அது. படித்தேன். முதலெழுத்து வெளிப்பட்டது. எழுதினேன், மணி அடித்தது.

அந்த ஒரு கட்டத்தில் எனக்குக் கிடைத்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வது? சரியான விடை உறைக்குள் ஒளிந்திருக்கவில்லை. என் கண்முன்னே, குறிப்பிலேயே இருந்தது. என் தந்தையாரைப் பேராசைக்காரர் என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் மனத்துக்குள் எண்ணி வந்திருக்கிறேன். பணத்தாசை அவருக்கு அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். அம்மாவின் வளையல்கள் போனது பொய்யல்ல. ஆயினும் அவர் அறிவுடையவர். அறிவுக்கு இடமில்லாத விளையாட்டை அறிவுப் போட்டி என்று நம்பி, அதனிடம் நியாயம் எதிர்பார்த்தார். அவருடைய யோசனை பிழையன்று. யோசிப்பவரை ஏமாற்றிய போட்டியே பிழை.

முடிவில் எனக்குக் கிடைத்த இடம் முப்பத்தெட்டு. பரிசு இல்லை, பங்கு கொண்டதற்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். கும்பகோணத்துப் பாட்டியின் பேரனுக்கு நான்காம் இடம். "அந்த ஐந்தெழுத்துச் சொல்லில் நான் தவறிவிட்டேன், தாத்தா. பின்பாதியைப் பார்க்கவேயில்லை" என்று என்னிடம் ஒப்புக்கொண்டான். சிற்றுண்டிச் சாலையில் அவனுக்கு ஒரு மசால்தோசை வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பும் வண்டியில் பேத்தியிடம் வளையல் கதையை முதன்முறையாகச் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தையும் காட்டினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தை விரல் வைத்து மெள்ள மெள்ளப் படித்தாள். 'ணம்' வந்த பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு, "இந்தக் குறிப்பு சரியில்லை, தாத்தா. நான் வேறு செய்கிறேன்" என்று பென்சிலை வாங்கிக்கொண்டாள். வண்டி வாடியைத் தாண்டுவதற்குள் செய்தும்விட்டாள்.

'நோயாளி வேண்டுவது, நல்லவரிடம் இருப்பது, எழுத்து மூன்று.'

பணம் நல்லவரிடம் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. மணமும் பொருந்தாது. குணம் ஒன்றுதான் இரண்டு பாதிக்கும் விடை. நோட்டுப் புத்தகத்தில் அப்பா எழுதாமல் விட்ட ஒரு பக்கத்தில் அவளையே அதை எழுதச் சொன்னேன். விடையையும் எழுதினாள். 'ண'வில் ஒரு சுழி குறைந்திருந்தது, காட்டினேன், திருத்திக்கொண்டாள்.

ஞாயிறுதோறும் இப்போது எங்கள் வீட்டில் ஐந்துக்கு ஐந்து கட்டம் ஒன்று தயாராகிறது. செலவு ஒரு தாளும் பென்சிலும்தான். அன்பர்கள் தங்கள் இல்லங்களில் குழந்தைகளோடு செய்து பார்க்கலாம். ஒன்றை மட்டும் குழந்தைகளுக்கு முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்: இரண்டு சாட்சிகளும் ஒத்துக்கொள்ளாத விடையைக் கட்டத்தில் எழுதலாகாது.